இரண்டு நடை

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்பார்கள்.
ஞாயிற்றுக்கிழமை பொங்கோல் படகுத்துறையில்
இரண்டிலும் வைத்துப் பார்த்தோம்.
இரண்டும் பழசு. இரண்டும் வெள்ளை.
இரண்டுக்கும் ஒரே தரகர், திரு கோ,
வாயில் பல்குச்சி, கையில் சாவிக்கொத்து.

முதலாவது பத்தொன்பது அடி.
ஒற்றை எஞ்சின், ஓடிய மணி நானூற்று நாற்பது.
ஆறு பேர் உட்காரலாம்.
கூரை என்று சொல்ல ஒரு துணி,
அதிலும் தையல் விட்டிருந்தது.
கழிவறை எங்கே, என்றாள் மகள்.
கோ கடலைக் காட்டினார்.

இரண்டாவது இருபத்து நான்கு.
சின்ன அறை, மடித்து விரிக்கும் மெத்தை,
குனிந்தால் மட்டும் அனுமதிக்கும் கழிவறை,
குளிர்பெட்டிக்குள் யாரோ விட்டுப்போன
பாதிப் போத்தல் மிளகாய்ச் சாந்து.
எட்டுப் பேர்.
எட்டு, என்றார் செங்குட்டுவன்.
இன்னொரு முறை எட்டு என்றார்,
கோவிடம் அல்ல.

நாங்கள் நாலு பேர்.
கிளமெண்டியில் ஒரு பல் மருத்துவமனைக்குக்
கணக்கு எழுதுகிறவள் நான்.
எட்டில் நாலு போக மீதி நாலு யாரென்று
கேட்க வேண்டியதில்லை.

அங் மோ கியோவில் மாமனார் வீட்டை விற்ற காசு இது.
அதில் பாதி.
மற்றப் பாதி பாசிர் ரிஸில் இருக்கிறது,
பதினான்கு மாதமாகப் பேசாத தம்பியிடம்.
நெடுமாறன், அபிதா, இரண்டு பையன்கள்.
சண்டை காசுக்கு இல்லை. காசு சரியாகவே பிரிந்தது.
ஆஸ்பத்திரியில் யார் எத்தனை இரவு இருந்தார்கள்
என்பதைத்தான் பிரிக்க முடியவில்லை.

படகை ஆராய வந்த ஹம்சா
ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார்,
தேங்காய் வாங்குகிறவர் போலக் காதைச் சாய்த்து.
சின்னது எங்கு தட்டினாலும் டக்.
பெரியது முன்னால் டக், நடுவில் டக்,
பின்பலகையில், இரண்டு எஞ்சின்களும் தொங்கும் இடத்தில்,
தொப்.
நாங்கள் எல்லாரும் அவர் கையையே பார்த்தோம்.
தொப்.
உள்ளே மரம் ஊறிவிட்டது, என்றார்.
ஒருநாள் எஞ்சினோடு கழன்றுகொள்ளும்.
நாளைக்கு இல்லை. ஒருநாள்.

சரிசெய்ய எவ்வளவு, என்று கேட்கிறார் இவர்.
பதினோராயிரம்.
அதற்கும் தலையை ஆட்டுகிறார்!
குளியலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுக,
நூற்றிருபது வெள்ளிக்கு யோசிக்கும் மனிதர்.

அக்டோபரில் ராணுவத்துக்குப் போகிற மகன்
சுத்தியலை வாங்கித் தன் முழங்காலைத் தட்டிப் பார்த்தான்.
யாரும் சிரிக்கவில்லை.
நீருக்கு அப்பால் உபின்,
மரம் மரமாக எண்ணும் தூரத்தில்.

சின்னது அங்கே போக எத்தனை நிமிடம், என்றேன்.
பன்னிரண்டு, என்றார் கோ. அலை இருந்தால் பதினைந்து.

பதினைந்தென்றே வைத்துக்கொண்டேன்.
சத்தமாகவே கணக்குப் போட்டேன்.
முதல் நடையில் நம்ம பிள்ளைகள் இரண்டு,
அவர்கள் பிள்ளைகள் இரண்டு, ஓட்ட நீங்கள்.
இறக்கிவிட்டுத் திரும்பி வாருங்கள்.
இரண்டாம் நடையில் நான், அபிதா, உங்கள் தம்பி.
நடுவில் அரை மணி நேரம்
நாங்கள் மூன்று பேரும் இந்தப் பலகையில்தான் நிற்க வேண்டும்.
வெயிலைப் பற்றியாவது பேசித்தானே ஆகணும்.
அப்புறம் பதினைந்து நிமிடம்
உங்கள் பக்கத்து இருக்கையில் அவர்.

செங்குட்டுவன் ஒன்றும் சொல்லவில்லை.
பெரிய படகிலிருந்து இறங்கினார், சின்னதில் ஏறினார்.
தையல் விட்ட துணியை
விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார்.
பிறகு கோவிடம்,
இதற்கு எவ்வளவு குறைப்பீர்கள், என்றார்.

முந்நூறு.

ஐந்நூறு, என்றேன் நான்.